நாலாவது புகைவழி

காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலில் ஏணியை இறக்கினோம், நானும் என் மச்சானும். கூரைக்கு மேலே புகைபோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலைசுற்றல் வந்தவனைப் போல நின்றது. செங்கல் இடுக்குகளில் கலவை மாவாக உதிர்ந்திருந்தது. கூரையை ஒட்டிய கழுத்துவரை பிரித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மூன்று நாள் வேலை.

வீட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தங்கை, போன மாதம்தான் அவரோடு வந்து சேர்ந்திருந்தார்.

"வீட்டுக்குள்ளே குளிர்காயுற கணப்படுப்பு எத்தனை சார்?" என்று கேட்டேன்.

"மூணு." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மேலே ஏறிப் பார்த்தால் நாலு துளை. ஒரு கணப்படுப்புக்கு ஒரு புகைவழி, அதுதான் கட்டுமுறை. மூன்றில் பறவைக் கூட்டுக் குச்சியும் கரியும் அடைத்துக் கிடந்தன. நாலாவது சுத்தமாக இருந்தது. கையை உள்ளே விட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"மாமா, உள்ளே யாரோ குளிக்க வெந்நீர் போடுறாங்க போல," என்றான் மச்சான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

டார்ச்சை எரியவிட்டு, கயிற்றில் கட்டி இறக்கினேன். பதினைந்தடி போனதும் கயிறு தொய்ந்தது. வெளிச்சம் சட்டென்று மறைந்தது. இழுத்து மேலே எடுத்தேன். பேட்டரி தீரவில்லை, பல்பும் உடையவில்லை.

சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள்.

மச்சான் ஏணிப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

பதினைந்தடி என்றால் மாடி அறைகளின் மட்டம். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மாடியில் இரண்டு அறைகள். நடுவில் வழவழப்பாகப் பூசிய சுவர். தட்டினேன். உள்ளே கூடாக ஒலித்தது.

"அங்கே உங்களுக்கு என்ன வேலை?" வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். படியேறிய சத்தமே கேட்கவில்லை. "அந்த நாலாவதை சிமென்ட் வெச்சு அடைச்சிடுங்க. போதும்."

"மூணுன்னு சொன்னீங்களே சார்?"

விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

மதியம் டீச்சர் தேநீர் கொண்டுவந்தார்.

"அண்ணி பிரிஞ்சு போய் ஆறு வருஷம்னு அண்ணா சொல்றாரு," என்றார், வாசற்பக்கம் பார்த்துக்கொண்டே. "போன் நம்பர் கேட்டா பேச்சை மாத்துறாரு. மாடியில அந்தச் சுவர் முன்னாடி இல்ல. அங்கே ஒரு சின்ன அறை இருந்துச்சு."

நேராக வீட்டுக்காரரிடம் போனேன். டீச்சரும் பின்னாலேயே வந்தார்.

"அந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம, நான் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன் சார்."

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த சந்தேகம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். "உடைங்க," என்றார்.

ஆள் நுழையும் அளவுக்கு இடித்தோம். அழுகல் வாடையை எதிர்பார்த்து மூக்கைப் பொத்தியிருந்தேன். வந்தது வேறு வாசனை.

இப்போதுதான் அணைத்த நெருப்பின் வாசனை.

எலும்பு இல்லை. துணி இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு சின்னக் கணப்படுப்பு. ஆறு வருஷம் மூடிக் கிடந்த தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சாம்பலை யாரோ ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள்.

"தினமும் இங்கே யாரோ சாம்பல் அள்ளுற சத்தம் கேக்குதுன்னு என் சம்சாரம் சொன்னா," என்றார் வீட்டுக்காரர். "நான் நம்பல. அப்புறம் எனக்கும் கேட்டுச்சு. சுவர் வெச்சேன். அப்பவும் நிக்கல. அவ கிளம்பிட்டா. இதை வெளியே சொன்னா என்னைப் பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"அப்போ அண்ணிக்கு இப்பவே போன் போடுங்க," என்றார் டீச்சர். "என் கண் முன்னாடி."

அவர் இடிந்த சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். நாலாவது முறை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"சொல்லுங்க."

"அண்ணி! உயிரோடதான் இருக்கீங்களா?" டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஏன், செத்துட்டேன்னு சொன்னாரா உங்கண்ணன்?"

மச்சான்கூடச் சிரித்துவிட்டான். அந்த மனுஷரைக் கொலைகாரனாக நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தச் சுவரைத் திறந்தாச்சு," என்றார் வீட்டுக்காரர். "உள்ளே யாரும் இல்ல. நீ தைரியமா வரலாம்."

ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் மெதுவாகக் கேட்டது.

"யாரும் இல்லன்னா, உங்க பின்னாடி நின்னு 'வா, வா'ன்னு கூப்பிடுறது யாருங்க?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். மச்சான் படியோரம் இருந்தான். வீட்டுக்காரருக்குப் பின்னால் இருந்தது, நாங்கள் இடித்துத் திறந்த வழி மட்டும்.

"கேக்குதா? மறுபடியும் கூப்பிடுறாங்க."

இந்த முறை எங்களுக்கும் கேட்டது.