ஆறு புது பிளக்

அன்றைக்கு உச்சிப்பொழுதில் ராயக்கோட்டை லாரிக் கொட்டகையில் இருந்தவர்கள் நால்வர். வண்டிக்குச் சொந்தக்காரர் தீர்த்தகிரி, மணப்பெண்ணான அவர் மகள் முனிலட்சுமி, மெக்கானிக் சென்னப்பன், செத்துப்போன டிரைவர் மதுரைவீரனின் மனைவி நஞ்சம்மா. ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாக அந்தக் குடும்பம் ஒப்புக்கொள்வதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், தை மாதம். "பொண்ணு எங்க சொந்த லாரியிலதான் வந்து இறங்கும்" என்று ஓசூர் சம்பந்தியிடம் தீர்த்தகிரி வாக்குக் கொடுத்திருந்தார். விளக்கு வைப்பதற்குள் பெண் அங்கே இறங்கியாக வேண்டும். வாழைக்குலை கட்டி, ஜமுக்காளம் விரித்து வண்டி நின்றது. யுத்தத்தில் ஓடிய பெட்ரோல் லாரி. மைல் காட்டும் எண்கள் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தன.

காலையில் சென்னப்பன் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஆறையும் புதிதாகப் போட்டான். வண்டி ஊர் எல்லைவரை போய் இருமி நின்றது. கழற்றிப் பார்த்தால் ஆறும் முனை கரைந்து, கரி அப்பி, வருஷக்கணக்கில் எரிந்தவை போல இருந்தன. தள்ளிக்கொண்டு வந்து வேறு ஆறு போட்டான். அவையும் அப்படியே ஆயின. இப்போது அவற்றையும் கழற்றிக் கோணிமேல் வரிசையாக வைத்தான்.

"இன்னாடா, நல்ல சரக்குதானா இது?"

"டப்பாவை நீங்கதானே மொதலாளி பிரிச்சிக் குடுத்தீங்க."

காற்று அசையவில்லை. தகரக் கூரை வெயிலில் முனகியது. டிரைவர் சீட்டுப் பக்கமிருந்து பீடி வாசனை வந்தது.

அங்கிருந்த யாரும் பீடி பிடிப்பவர் இல்லை.

சென்னப்பன் குரலைத் தாழ்த்தினான். "கார்த்திகையில மதுரைவீரன் செத்த அன்னிக்கு, பிளக் தேஞ்சு போச்சு, வண்டி கிளம்பாதுன்னு சொன்னீங்களே..."

"அதுக்கென்ன?"

"அதுக்கு மொத நாள்தான் நான் புதுசு போட்டிருந்தேன், மொதலாளி."

நஞ்சம்மா அன்று கேட்டது ஒரே ஒரு நடை. புருஷன் உடலைப் போச்சம்பள்ளிப் பக்கம் சொந்த ஊர் மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். மகளை ஏற்றப்போகிற வண்டியில் பிணம் ஏறுவதா என்று தீர்த்தகிரி நினைத்தார். அதை நேரே சொல்லாமல் பழியைப் பிளக்கின்மேல் போட்டார். மதுரைவீரனை ராயக்கோட்டைச் சுடுகாட்டிலேயே புதைத்தார்கள்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நஞ்சம்மா, குடத்தை இறக்காமல் நின்றாள்.

"நைனா, அந்தம்மாகிட்ட நெசத்தைச் சொல்லிடுங்க" என்றாள் முனிலட்சுமி. "பொழுது போயிட்டே இருக்குது."

"சொல்லுங்க சாமி" என்றாள் நஞ்சம்மா. அவள் பார்வை டிரைவர் சீட்டில் இருந்தது. "அவரும் கேக்கட்டும்."

தீர்த்தகிரி முதுகை நிமிர்த்தினார். கூலிக்காரர் முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிய ஆள் அவர் வம்சத்தில் இல்லை.

"அன்னிக்கு பிளக் தேஞ்சுதான் இருந்துச்சு."

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மெத்தை அழுந்தியது.

சென்னப்பன் கோணியைப் பார்த்தான். ஆறு பிளக்கும் அங்கேதான் கிடந்தன. எஞ்சினில் ஆறு ஓட்டைகள் திறந்திருந்தன.

எஞ்சினைக் கிளப்பும் முன்பக்கக் கைப்பிடியை யாரும் சுற்றவில்லை.

எஞ்சின் கிளம்பியது. இருமல் இல்லை, தடங்கல் இல்லை. மதுரைவீரன் இருந்த காலத்தில் ஓடியதுபோல் ஒரே சீராக ஓடியது. வாழைக்குலை ஆட, வண்டி மெல்ல வெளியே வந்தது. ஓசூர் ரோட்டில் ஏறாமல் சுடுகாட்டுப் பாதையில் திரும்பியது.

நஞ்சம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

முனிலட்சுமி மாட்டு வண்டியில் போனாள். மறுநாள் விடிந்து ஓசூர் சேர்ந்தபோது, சம்பந்தி வீட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லாரியை மதுரைவீரனின் குழிமேட்டருகே கண்டார்கள். பின்பலகை இறக்கிவிடப்பட்டிருந்தது. கல்யாண ஜமுக்காளத்தின் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈர மண்.

பிரேக் விட்டுப்போய் வண்டி இறக்கத்தில் தானாக உருண்டது என்று சந்தையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கொட்டகையிலிருந்து சுடுகாடுவரை பாதை முழுக்க ஏற்றம்.