ரம்பத்தின் இரண்டாவது சாவி

தண்டவாள ஆலையில் காலை ஷிப்ட் என்றால் எனக்குக் கொண்டாட்டம். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, கையில் டீ. கீழே தண்டவாளம் செக்கச்செவேலென்று உருளைகள் மேல் ஓடி வந்து, கடைசியில் உள்ள தடுப்புத் தகட்டில் முட்டி நிற்கும். பொத்தானை அழுத்தினால் ஆளுயர வட்ட ரம்பம் இறங்கி அதை அளவாக அறுத்துவிடும்.

எதையாவது சரிபார்க்க உள்ளே போகிறவர் ரம்பத்தின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். சாவி இல்லாமல் ரம்பமும் சுற்றாது, உருளைகளும் ஓடாது. உயிருக்கு அதுதான் ஜாமீன்.

என் மேசை இழுப்பறையில் இன்னொரு சாவி இருந்தது. முந்தைய ஆபரேட்டர் திருட்டுத்தனமாகச் செய்துவைத்தது. அவர் காலத்தில் ஒரு ஃபிட்டர் தகட்டருகே செத்துப்போனார். விதி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நானும் அந்தச் சாவியைத் தூக்கி எறியவில்லை. இப்போதைய ஃபிட்டர் என் மனைவியின் தம்பி. சாவியைப் பையில் வைத்தபடியே டீ குடிக்கப் போய்விடுவான். அதற்காக வேலையை நிறுத்துவானேன், இதைப் போட்டு ஓட்டலாமே என்ற சோம்பேறிப் புத்தி எனக்கு.

"உங்களை நம்பித்தாங்க அவனை அங்க அனுப்பியிருக்கேன்" என்பாள் என் மனைவி.

அன்று பத்து மணிக்கு ஒரு தண்டவாளம் தகட்டுக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது. இடையில் ஒன்றுமே இல்லை.

"நான் பாத்துட்டு வரேன் மாமா" என்று மச்சான் சாவியோடு இறங்கினான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அனலில் காற்று நெளிந்தது. தகட்டருகே இரண்டு பேர் நின்றார்கள்.

போனது ஒருவன்தான்.

அறைக்குள் துணி கருகும் நாற்றம் வந்தது. இழுப்பறை திறந்து கிடந்தது. இரண்டாவது சாவி பூட்டில் இருந்தது. சத்தியமாக நான் செருகவில்லை.

அது மெல்லத் திரும்பியது.

ரம்பம் ஊளையிட்டது. சாவியைப் பிடித்து இழுத்தேன். கை வெந்தது, சாவி அசையவில்லை. சிவப்புப் பொத்தானைக் குத்தினேன், நிற்கவில்லை. "ஓடுடா மச்சான்!" என்று மைக்கில் அலறினேன். தண்டவாளம் பாய்ந்து போய்த் தகட்டில் மோதியது.

அதற்குள் அவன் குதித்திருந்தான்.

மேலே ஓடி வந்தவன் கேட்டான்.

"யாரை மாமா அனுப்பினீங்க? காதுகிட்ட வந்து, 'சாவி உன்கிட்டதானே இருக்கு?'ன்னான். பையைத் தட்டிக் காட்டினேன். 'அன்னிக்கு என்கிட்டயும் இருந்துச்சு'ன்னான்."

இழுப்பறைச் சாவியைப் பற்றி எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டேன். இருவருமாகப் போய் அதை உலையில் எறிந்து, அது உருகும்வரை நின்று பார்த்தோம்.

மறுநாள் காலை. முதல் தண்டவாளம் ஓடி வந்தது.

தகட்டுக்கு ஒரு சாண் முன்பே நின்றது.

கீழே யாரும் இல்லை. மச்சான் விடுப்பில், வீட்டில். இருந்த ஒரே சாவியைப் பூட்டிலிருந்து உருவி, கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

துணி கருகும் நாற்றம். இந்தமுறை என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"