விளக்குப் பெட்டியும் கிளியம்மாளும்

1986-ஆம் வருடம். வல்லம் வடகால் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. அதன் முன்னால் நின்று "ஒண்ணு" என்றால் முதல் விளக்கு எரியும். "ரெண்டு" என்றால் இரண்டாவது. இப்படி ஐந்து விளக்குகள்.

அதைக் கொண்டுவந்த கண்ணப்பன் சார் சென்னைக்காரர். யாருடைய பேச்சு பெட்டிக்குப் புரியும் என்று இரண்டொரு சொல்லிலேயே கணித்துவிடுவதில் அவருக்கு ஒரே பெருமை. தேறியவர்கள் மறுநாள் ஜீப்பில் சென்னைக்குப் போய், பெரிய கூட்டத்தின் முன்னால் பெட்டியோடு பேசலாம்.

கங்கா தேறிவிட்டாள். அடுத்து அவள் தோழி கிளியம்மாள். ஜீப்பில் போக அவளைப்போல் ஆசைப்பட்டவர்கள் அந்த வகுப்பிலேயே கிடையாது. ஆனால் பெட்டியின் மைக்கைக் கண்டதும் வாய் பூட்டிக்கொண்டது.

"சார், அவளுக்கு எதுனா வேலை குடுங்க சார். களத்துல நெல்லு அளக்கச் சொல்லோ கணீர்னு எண்ணுவா" என்றாள் கங்கா.

சத்துணவுக் கூடத்திலிருந்து அரிசியும் அளக்கிற படியும் வந்தன. கிளியம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். படியை நிரப்பிக் கவிழ்த்தாள்.

"லாபம்!"

நான்காவது விளக்கு எரிந்தது.

விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த சார், அவள் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. பட்டென்று சுவிட்சை அணைத்தார். "முதல் எண்ணே தப்பு. இந்தப் பொண்ணு குரல் பெட்டிக்கு ஒத்து வராது. அடுத்த ஆள் வாங்க."

கிளியம்மாளுக்குக் கண் நிரம்பிவிட்டது. கங்காவுக்கோ பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. வேலை கொடுக்கச் சொன்னதே அவள்தானே!

"இன்னா சார் நீங்க! அவ குரல்ல ஒரு தப்பும் இல்ல. எங்க ஊர்ல நெல்லு, அரிசி அளந்தா மொதல் படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் சொல்லுவோம். அப்பால ரெண்டு, மூணு. லாபம்னா இன்னான்னு பொட்டிக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லையே... அதுக்கு அஞ்சு எண்ணு மட்டும்தான் தெரியும். வேற எதைச் சொன்னாலும் அந்த அஞ்சுல ஒண்ணாத்தான் எடுத்துக்கும்..."

"அப்போ மீதியையும் கேளுங்க சார்."

சார் சுவிட்சைப் போட்டார்.

"ரெண்டு!" இரண்டாவது விளக்கு. "மூணு!" மூன்றாவது. "நாலு!" "அஞ்சு!" ஒன்றுகூடப் பிசகவில்லை.

சார் தலையைச் சொறிந்தார். பிறகு மைக்கருகே குனிந்து, தானே மெதுவாக, "லாபம்" என்றார்.

நான்காவது விளக்கு எரிந்தது.

கிளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க குரலும் ஒத்து வராது சார். நாளைக்கி ஜீப்புல நாங்க மட்டும் போறோம்."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். "நான் வரலைன்னா ஜீப்பை யாரும்மா ஓட்டுறது?"

அது இருவர் காதிலும் விழவில்லை. முன் சீட்டு யாருக்கு என்று கங்காவும் கிளியம்மாளும் அதற்குள் சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.