பன்னிரண்டாவது கையெழுத்து

மேசையில் வைத்த டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சங்கச் செயலாளர் கொடுத்த மனு நகலின் கடைசிக் கையெழுத்தில் விரலை ஊன்றினார்.

“இது யாரோடது?”

“என்னோடதுதான்,” என்றாள் மனைவி.

அந்த அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்கு அவர் தலைவர். நாற்பத்தெட்டு வீடுகளில் கால்வாசி, அதாவது பன்னிரண்டு பேர், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியே தீர வேண்டும் என்பது விதி. அவரைப் பதவியிலிருந்து இறக்கவென்று இரண்டாம் மாடி கான்ட்ராக்டர் ஒரு மாதமாகப் படியேறி இறங்கியும் பதினொன்றுதான் தேறியது. குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் பொறுப்புக்கு வரலாம். கையெழுத்தும் ஓட்டும் வீடு யார் பெயரிலோ அவருக்குத்தான். இந்த வீடு அவள் பெயரில் இருந்தது.

“ஊரெல்லாம் எதிரியைத் தேடினேன்... வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“பேரப் பாத்தேன். போதும்.”

உள்ளறையில் மாமியார் அழத் தொடங்கினாள். “உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேம்மா...”

லிஃப்ட் நின்று அறுபத்து மூன்று நாள். முழங்கால் வலியோடு அந்த அம்மாள் நான்காம் மாடியிலேயே கிடந்தாள். வெளியே போய்ச் செய்துவந்த மூட்டுப் பயிற்சியும் நின்றுபோயிற்று. பழுதுபார்க்கச் சொல்லி முதலில் கேட்டவர் கான்ட்ராக்டர் என்பதற்காகவே மகன் தள்ளிப்போட்டார். வீம்புக்கு ஏது மருந்து? அந்த மகனுக்காகத்தான் தாய் அழுதாள்.

பத்து நாள் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. அவள் சமைத்தாள், மாமியார் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். செயலாளர் லிஃப்ட் கதவிலேயே கூட்ட நோட்டீஸை ஒட்டினார். கணவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் தினமும் படியேறினார்.

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. கான்ட்ராக்டர் எழுந்து, “முதல்ல தலைவர் இறங்கணும். ஓட்டுக்கு விடுங்க,” என்றார்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். “பொருள், லிஃப்டை உடனே பழுதுபார்ப்பது. அவ்வளவுதான் இருக்கு. நோட்டீஸ்ல இல்லாதத சிறப்புக் கூட்டத்துல ஓட்டுக்கு விட முடியாதுங்க.”

கான்ட்ராக்டர் அவள் பக்கம் திரும்பினார். “இதுக்குத்தான் புதுத் தாள்ல எழுதச் சொன்னீங்களா?”

“லிஃப்டுக்கு மட்டும்னா போடுறேன்னேன். நீங்களும் சரின்னுதானேண்ணே எல்லார்கிட்டயும் மறுபடி கையெழுத்து வாங்கினீங்க?”

கணவர் அந்தத் தாளை வாங்கி முதல்முறையாகப் படித்தார். வெகுநேரம் படித்தார், அது ஒரே வரிதான். பிறகு எழுந்து, “ரெண்டு மாசம் லிஃப்ட் நின்னது என் வீம்பால. ரிப்பேருக்கு முதல் ஓட்டு என்னோடது,” என்று கையைத் தூக்கினார்.

“சார், வீட்டுக்கு ஒரு ஓட்டு. அது அம்மாவோடது,” என்றார் செயலாளர்.

யாரோ சிரித்தார்கள். அவர் கையை இறக்கி மனைவியைப் பார்த்தார். “நீ தூக்கும்மா... என்னை மன்னிச்சிடு.”

அவள் கை தூக்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் தூக்கினார்கள்.

எட்டாம் நாள் லிஃப்ட் ஓடியது. மாமியார் மகன் நீட்டிய கையை விலக்கிவிட்டு மருமகளின் தோளைப் பிடித்து உள்ளே ஏறினாள்.

“அன்னிக்கு அப்படிப் பேசிட்டேனே... கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா, அத்தை, நீங்க அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க. தாள் செயலாளர் கைக்குப் போறதுக்குள்ள அவர் கிழிச்சிருப்பார்.”

மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பத்து நாளும் அழாத மருமகள், மூன்றாம் மாடிக்கும் தரைக்கும் நடுவில் தேம்பி அழுதாள். கீழே கதவு திறந்தது; இருவரும் இறங்கவில்லை.