கடைசி அத்தியாயமும் ஒரு மான்கறி பேஸ்ட்ரியும்

சனிக்கிழமை, மாலை 4.10.

ஊர் மண்டபத்தின் மேடை மேசையில் சிவப்பு வெல்வெட் துணி இருந்தது. அதன்மேல் இருந்த புத்தகம் இல்லை.

நூலகர் பிலிப்பா கேரோ துணியை உதறினாள். மேசைக்கடியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமும் துணியின் நிறத்தில் இருந்தது.

இங்கிலாந்தில், ஷ்ராப்ஷரின் பென்ஃபோல்டு கிராமத்தில் ஒன்பது வருடமாக இந்தக் கூத்து. எட்டாம் ஹென்றி காலத்து லண்டனில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டே கொலைகாரர்களைப் பிடிக்கும் விதவை மாட்லினின் கதைகளை இங்கே யாரும் தனியாகப் படிப்பதில்லை. அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்துச் சாப்பாடு, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. உருளைக்கிழங்குக்கும் டீக்கும் தடா. ஹென்றி அவற்றைக் கண்டதில்லை.

இது ஒன்பதாம் பாகம். தொடரின் முடிவு. கடைக்கு வருவது செவ்வாய்க்கிழமை. பதிப்பகம் இவர்களுக்கு மட்டும் ஒரு பிரதியை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. பாக்கி ஒரே அத்தியாயம்.

மேவிஸ் பிரைஸுக்கு எண்பத்திரண்டு வயது. பார்வை முக்கால்வாசி போய்விட்டது. நாளைக் காலை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு, மகள் வீட்டுக்கு, ஒரேயடியாகப் போகிறாள். கொன்றது யார் என்று இந்தக் கூட்டத்தின் குரலில் கேட்காமல் விமானம் ஏறுவதில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரும் வெளிய போகாதீங்க," என்றாள் ரோவீனா டாஸ்கர். பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருடம் ஆண்டவள். அந்தக் குரலுக்கு மண்டபம் அடங்கியது.

4.15. விசாரணை.

3.50க்கு மழை விட்டதும் எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள், மேவிஸோடு படம் எடுக்க. கேமராவோடு வாசலில் நின்றது ரோவீனா. இருப்பது அந்த ஒரு வாசல்தான். நடுவில் உள்ளே போய் வந்தவர்கள் மூவர். பிலிப்பா, மேவிஸுக்குச் சால்வை எடுக்க. பாதிரியார் டெஸ்மண்ட் கிரேல், தொப்பிக்கு. சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற கிளிஃபர்ட் அமோரி, இடுப்பு வாளுக்கு. புத்தகம் செங்கல் பருமன். மூவர் கையிலும் இல்லை.

"அப்ப அது இந்தக் கூரைக்குள்ளதான் இருக்கு," என்றாள் ரோவீனா.

அலமாரி, பைகள், பியானோவின் வயிறு, பாதிரியாரின் அங்கி. எங்கும் இல்லை.

புத்தகத்தை இதுவரை யார் தொட்டது என்று பிலிப்பாவைக் கேட்டாள். நூலகத்தில் பூட்டித்தான் வைத்திருந்ததாகச் சொன்ன பிலிப்பா கொஞ்சம் யோசித்தாள். வியாழக்கிழமை நாற்காலி அடுக்க வந்த கிளிஃபர்டை மட்டும் அரைமணி நேரம் தனியே விட்டுப் போனதாகவும், சாவி அலமாரியிலேயே தொங்கியதாகவும் ஒப்புக்கொண்டாள்.

"நாற்காலிதான் அடுக்கினேன்," என்றார் கிளிஃபர்ட், தாடியைத் தடவியபடி.

அந்தத் தாடி ஊர் அறிந்தது. ஹென்றி பாணியில் ஒரு வருடம் வளர்த்தது. பொற்கொல்லன்தான் கொலைகாரன், இல்லையென்றால் சபை நடுவில் மழித்துக்கொள்கிறேன் என்று போன சனிக்கிழமை பந்தயம் கட்டியிருந்தார். வாரம் முழுக்கப் பொற்கொல்லன் புராணம் பாட வேண்டிய மனிதர் இன்று அவன் பெயரையே எடுக்கவில்லை.

4.35. ரோவீனா விருந்து மேசைக்கு வந்தாள். பிலிப்பாவின் பட்டாணிக் கஞ்சி காலி. பாதிரியாரின் பேரிக்காய் காலி. ஒன்பது வருடமும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்த கிளிஃபர்ட் இன்று மான்கறி பேஸ்ட்ரி கொண்டுவந்திருந்தார். பெட்டி மாதிரி கெட்டி மாவுக்கூடு, பொன்னிற மூடி, நடுவில் மாவு ரோஜா. கடைசியில்தான் வெட்டணும், அதுதான் அரண்மனை வழக்கம் என்று தடுத்துவைத்திருந்தார். யாரும் தொடவில்லை.

ரோவீனா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"வாத்தியாரே, இத எவ்வளவு நேரம் சுட்டீங்க?"

"மூணு மணி நேரம்."

"கறியோடவா?"

"கறி, குழம்பு, கிராம்பு. எல்லாம் அந்தக் காலத்து முறைப்படி."

"அப்ப ஆவி எந்த வழியாப் போச்சு?"

கிளிஃபர்டின் கை மறுபடி தாடிக்குப் போனது.

"கறி வச்சு மூடினா மூடில ஓட்டை போடணும். இல்லன்னா கொதிச்சு வெடிச்சுரும். இதுல ஓட்டையும் இல்ல, ஓரத்துல ஒரு சொட்டுக் குழம்பும் வழியல. கூட்டைத் தனியா, மூடியைத் தனியா, வெறுமனே சுட்டிருக்கீங்க. ஹென்றி எந்தத் தட்டுல சாப்பிட்டார்ங்கிறது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். அடுப்புதான் தெரியல."

மூடியைத் தூக்கினாள். உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒன்பதாம் பாகம்.

வியாழக்கிழமை அவர் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டார். பொற்கொல்லன் இல்லை. இன்றைக்கு மட்டும் புத்தகம் காணாமல் போனால் செவ்வாய்க்கிழமை அவரவர் வீட்டில் படித்துக்கொள்வார்கள், பந்தயம் மறந்துபோகும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"மேவிஸ் நாளைக்குப் போறாங்களே," என்றாள் பிலிப்பா.

கிளிஃபர்ட் தலைகுனிந்தார். "தாடிய நினைச்சேன். அவங்கள நினைக்கல."

மேவிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. "எனக்காக மாட்லின் கதையில ஒண்ண நிஜமாவே நடத்திக் காட்டிட்டீங்க. பெர்த்ல இத யாரு நம்புவா? தாடி கிடக்கட்டும். உங்களுக்குத் தண்டனை, நீங்களே வாசிக்கணும்."

5.05. கிளிஃபர்ட் வாசித்தார். முதல் பக்கத்தில் குரல் முனகியது. மூன்றாம் பக்கத்தில் வகுப்பறைக் கம்பீரம் திரும்பியது. மாட்லின் மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்த இடத்தில், வெற்று மாவுக்கூட்டைக் கடித்துக்கொண்டிருந்த பாதிரியார் மெல்லுவதையே மறந்தார். கொலைகாரி பொற்கொல்லனின் தங்கை என்ற வரியைத் தன் தோல்வியென்றும் பாராமல் கிளிஃபர்ட் மணி அடிப்பதுபோல் அடித்துச் சொன்னார்.

மண்டபம் ஓவென்று கத்தியது. மேவிஸ் தொடையில் தட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி. அவள நான் எத்தனை அத்தியாயம் நம்பிட்டேன்."

ஆரவாரம் அடங்கியதும் அவள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அந்தப் பக்கத்த இன்னொரு தரம் வாசிங்க, வாத்தியாரே. இந்தத் தடவை நான் அவளையே கவனிச்சுக்கிட்டு இருப்பேன்."