அனுமதி கேட்ட படகு

“இனிமே இந்தக் கரையில எந்தப் படகும் என்கிட்ட அனுமதி கேக்காம உடையாது!” என்று செலஸ்டின் அறிவித்தபோது சிப்பிமுனையின் காக்கைகள்கூடச் சிரித்தன. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவளுடைய மாமனார் தொபியாஸ்.

“மனு எழுதிக் குடுக்குமா மக்கா? இல்ல, கைநாட்டு வைக்குமா?”

“பாக்கத்தான போறீங்க மாமா.”

தொபியாஸ் மரப்படகிலேயே மீசை முளைக்கவும், மரப்படகிலேயே அது நரைக்கவும் கண்டவர். கரி இழையைத் துணியாக நெய்து, பிசின் ஊற்றி இறுக்கிய புதுப்படகை அவர் ‘சட்டை’ என்றுதான் சொல்வார். “சட்டையில ஏறியா கடலுக்குப் போவாவ?” என்பார். அந்தச் சட்டையில்தான் அவருடைய ஒரே மகன், செலஸ்டினின் கணவன் அமலன், கடலுக்குப் போகவிருந்தான்.

அவனுக்காகவே அவள் சேதநிழல் என்னும் இயந்திரத்தைச் செய்திருந்தாள். படகில் எத்தனை இழை உண்டோ, அத்தனையும் கொட்டகையில் இருந்த அந்த இயந்திரத்துக்குள்ளும் உண்டு. பாவு எது, ஊடை எது, எது எதன்மேல் ஏறி எதன்கீழ் இறங்குகிறது என்பதுவரை அதற்கு மனப்பாடம். நெசவோடு நெசவாகச் செருகிய ஒளியிழைகள் படகின் ஒவ்வொரு நோவையும் அதற்குச் சொல்லிவிடும். படகு நாளைக்குப் படப்போகும் அடியை நிழல் இன்றைக்கே பட்டுப் பார்க்கும். முதலில் குறுக்கிழையில் மயிரளவு கீறல். அது பிசினுக்குள் ஊரும், அடுக்குகளை விலக்கும். கடைசியில்தான் பாரம் சுமக்கும் நெட்டிழை அறும். படகின் அடியில் ஒரு நண்டு முதுகு சொறிந்துகொண்டால், எந்த நண்டு என்றுகூட அது சொல்லிவிடும். நிழலுக்குள் செலஸ்டின் அந்தப் படகை லட்சம் தடவை மூழ்கடித்திருந்தாள். அமலன் ஒரு தடவைகூட நனையவில்லை.

பாதிரியார் வந்து படகை மந்திரிக்கும் நாளில் தொபியாஸ் ஒரு மாதா சுரூபத்தோடு வந்தார். இப்போதெல்லாம் கடையிலேயே சிலையின் அடியில் பசை தடவித்தான் விற்கிறார்கள். அவர் அதைச் சுரண்டி எறிந்தார்.

“பசையில நிக்கிற மாதா புயல்ல நிப்பாளா?”

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நான்கு துளை போட்டு, நான்கு திருகாணி முடுக்கி மாதாவை நிறுத்தினார். மரம் என்றால் திருகாணியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நெய்த உடம்போ, துளைத்த இடத்தில் தன்னைத் தாங்கும் இழைகளையே இழந்துவிடும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

கொட்டகையில் சேதநிழல் கல்லறையில் கிடந்தவர்களும் புரண்டு படுக்கும்படி அலறியது. அணியத்தில் நான்கு இடங்களில் நெட்டிழை அறுந்துவிட்டது, அலை ஏறினால் முன்முனை பிளக்கும் என்றது.

செலஸ்டின் உற்றுப் பார்த்தாள். கீறல் இல்லை. அடுக்கு விலகவில்லை. பக்கத்து இழைக்கு ஒரு நோவும் இல்லை. வட்டமாக, சுத்தமாக நான்கு ஓட்டைகள்.

“கடலுக்கு இப்படி வெட்டத் தெரியாதே!”

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பளபளக்கும் படகு. அணியத்தில் மல்லிகை மாலையோடு மாதா. கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

“என்ன சொல்லுதா என் சக்களத்தி?” என்று கேட்டுக்கொண்டே வந்தான் அமலன். இயந்திரத்துக்கு அவன் வைத்த பெயர் அது.

“உங்க சக்களத்தியா? எனக்குல்லா அவ சக்களத்தி! ஒளியிழைக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு, தப்புத் தப்பா அனுப்புது.” நிழலில் இருந்த நான்கு ஓட்டைகளையும் அவள் அடைத்தாள். அலறல் நின்றது.

“அப்பம் விடிஞ்சா போவலாமா?”

“போங்க.”

மறுநாள் புயல் இல்லை. சாதாரண அலைதான். கூடப் போன இருவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அமலன் வரவில்லை. அணியத்தின் ஒரு துண்டு மட்டும் ஒதுங்கியது. அதில் மாதா இம்மியும் அசையாமல் நின்றிருந்தாள்.

தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு தொபியாஸ் கொட்டகைக்குப் போனார். செலஸ்டின் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடைத்துச் சரிசெய்த படகு அங்கே ஒரு குறையும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

“அதுல அவன் இருக்கானா மக்கா?”

“படகு மட்டுந்தான் மாமா.”

அவர் துண்டைத் தரையில் வைத்தார். அவள் அதைப் புரட்டினாள். அடியில் நான்கு திருகாணி முனைகள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“கெட்டியா நிக்கட்டும்னுதான்…” என்றார் அவர்.

அவள் நிழலில் நான்கு ஓட்டைகளையும் மறுபடி திறந்தாள். அலை ஏறியது. ஓட்டைக்கு ஓட்டை கீறல் தாவி, அணியம் பிளந்தது. திரையில் இருந்த கிழிசலும் தரையில் கிடந்த துண்டின் விளிம்பும் வளைவுக்கு வளைவு ஒன்றாக இருந்தன.

“இதை எப்பம் சொல்லிச்சி?”

“நீங்க மாதாவ வச்ச அன்னைக்கே மாமா. நான்தான் அதைக் கிறுக்குன்னேன். அடைச்சுட்டு, போங்கன்னேன்.”

தொபியாஸ் மாதாவின் முகத்தில் ஒட்டியிருந்த மணலைக் கட்டைவிரலால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“கேட்டிருக்கு மக்கா,” என்றார். “உன்கிட்ட கேட்டுட்டுத்தான் உடைஞ்சிருக்கு.”