பக்கத்து மேஜையிலிருந்து எடுத்த கோப்பு

இதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும். பல்லெல்லாம் போய் வாயில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்; யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்த ஓர் அலுவலகத்தில், தலைமை எழுத்தரம்மாவின் கணினி மட்டும் முரண்டு பிடித்தது. கடிதம் எழுதும் மென்பொருளைத் திறந்தால், ‘ஒரு கோப்பைக் காணவில்லை’ என்று ஒரு வரி. அதோடு சரி.

பழுது பார்க்க வந்த சர்வீஸ்காரர் வீட்டில் இருபது நாள் கைக்குழந்தை. மனுஷன் ஒழுங்காகக் கண்ணை மூடி வாரக்கணக்காகிறது. காலையில் மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்: “ஆறு மணிக்குள்ள வரலேன்னா, புள்ளையத் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன்.”

முறைப்படி என்றால் மென்பொருளை அடியோடு அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும். தொழிலில் எல்லாரும் செய்கிற குறுக்குவழி, பக்கத்து மேஜைக் கணினியிலிருந்து அந்தக் கோப்பைப் பிரதியெடுத்து இங்கே போடுவது.

“பக்கத்து மேஜை யாரோடதும்மா?”

“தபால் பிரிவு அண்ணனோடது தம்பி. தாராளமா எடுத்துக்கோங்க. அவரு கம்ப்யூட்டரைத் தொடுறதே இல்ல, தூங்கத்தான் வர்றாரு,” என்றுவிட்டு அவர் முன்னறைக்குப் போனார்.

சர்வீஸ்காரர் பிரதியெடுத்துப் போட்டார். திறந்துகொண்டது.

திரும்பினார். கூரைமேல் மழையும், நனைந்த காகிதத்தின் புளித்த வாடையும், மின்விசிறியின் கிறீச்சும் அப்படியே இருக்க, பக்கத்து மேஜையில் சற்றுமுன் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடும், மூடி தொலைந்த தண்ணீர்ப் புட்டியும், எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணையும் மட்டும் இல்லை. புட்டி நின்ற ஈர வட்டம்கூட இல்லாமல் தூசி சமமாகப் படிந்திருந்தது. அந்த மேஜைத் திரையில், ‘ஒரு கோப்பைக் காணவில்லை.’

“அம்மா, தபால் அண்ணன் சாமானை எடுத்தீங்களா?”

“எந்த அண்ணன்? நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அந்த மேஜை காலிதானே தம்பி!”

தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டார். மூன்றாவது மேஜை, தட்டச்சுப் பெண்ணுடையது. அங்கிருந்து கோப்பை எடுத்துத் தபால் மேஜைக்குப் போட்டார். தலையணை வந்துவிட்டது. புட்டி வந்துவிட்டது.

தட்டச்சுப் பெண்ணின் நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டர் போய்விட்டது.

ஐந்தேகால். போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை, கேட்க யாருக்கும் நினைவே இருக்காது. வாசல்வரை போனார். அந்த ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் மட்டும் பச்சை. யாரோ தேடிப் பிடித்துத் தைத்தது. சனியன், அது கண்ணைவிட்டுப் போகவில்லை.

அலுத்துப்போய்த் திரும்பி வந்தார். தன் மடிக்கணினியை எடுத்தார். அதற்கும் இந்த அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம்? அதிலிருந்து கோப்பை எடுத்துத் தட்டச்சு மேஜையில் போட்டார்.

ஸ்வெட்டர் வந்தது. பச்சைப் பொத்தானோடு.

மடிக்கணினித் திரையில் ஒரு வரி.

காணவில்லை.

தலைமை எழுத்தரம்மா குடையோடு உள்ளே வந்தார். தன் கணினியைப் பார்த்தார்.

“அட, தானாவே சரியாயிடுச்சே!”

“அம்மா, முடிச்சிட்டேன்மா.”

எழுத்தரம்மா விளக்கை அணைத்தார்.

“அம்மா! நான் இங்கதாம்மா இருக்கேன்!”

கதவு. பூட்டு. செருப்புச் சத்தம். மழை.

கைபேசியைத் தடவி எடுத்தார். மூன்றாவது மணியில் மனைவி எடுத்தாள். பின்னால் குழந்தையின் சிணுங்கல்.

“நான்தான்...”

“யாருங்க பேசறது?”

“நான்தான்டி!”

“ராங் நம்பருங்க. இங்க அப்படி யாரும் இல்ல.”

கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். நாற்காலியில் தூசி. முழங்காலில் தூசி. துடைக்கப் போன கையிலும், சமமாக.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில், ராத்திரி முழுக்க எங்கே போயிருந்தீர்கள் என்று என் மகள் கேட்டதற்கு மாப்பிள்ளை சொன்ன பதில் இது.